டேட்டன் வழக்கும் அது நடந்த கட்டடமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளியில் பரிணாமக் கொள்கையைக் கற்பிக்கக் கூடாது என்ற டென்னசி மாநிலச் சட்டத்தை மீறியதாக ஓர் ஆசிரியர் மீது 1925இல் நடந்த டேட்டன் பரிணாம வழக்கைப் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆசிரியருக்காக வாதாடிய கிளாரன்ஸ் டாரோ, அரசுத் தரப்பில் நின்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரயன் இருவரின் மோதலையும் விறுவிறுப்பாக எழுதியிருந்தீர்கள். ஆனால் வழக்கு நடந்த ரே கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நீதிமன்றத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது டென்னசி மாநிலம் சட்டனூகாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். வடக்கே ஒரு மணி நேரத்துக்குள் டேட்டன் வந்துவிடும். அந்தக் கட்டடத்தை நேரில் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

முன்பு வாஷிங்டன் என்ற சிற்றூர்தான் இந்தக் கவுண்டிக்குத் தலைமையிடம். ரயில் பாதையை ஒட்டி டேட்டன் வளர்ந்ததும் தலைமையிடம் இங்கே மாறியது. 1891இல் செங்கல்லால் மூன்று மாடிக் கட்டடமும் கோபுரமும் எழும்பின. நிலக்கரியும் இரும்பும் ஊரை வாழவைத்த காலம் அது. 1925இல் அந்தத் தொழில் நொடித்துப் போயிருந்தது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் ஒரு மருந்துக் கடையில் கூடிப் பேசி, இளம் ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்கச் சம்மதிக்க வைத்ததற்கு ஊருக்குப் பெயர் வரட்டும் என்ற ஆசையும் ஒரு காரணம்.

இரண்டாம் தளத்தில் இருக்கிறது அந்த அறை. நீதிபதியின் மேடை, வழக்கறிஞர் மேசைகள், மரக் கிராதி, பொதுமக்கள் இருக்கைகள் எல்லாம் அன்றைக்கு இருந்தவையே. உயரமான ஜன்னல்கள். மரக் கிராதியில் கை வைத்து நின்றபோது, வேலை பார்த்த காலத்து நினைவு வந்து சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். சிகாகோ வானொலி நிலையம் ஒன்று இந்த அறையில் ஒலிவாங்கி வைத்து வழக்கை நேரடியாக ஒலிபரப்பியது. அமெரிக்காவில் ஒரு வழக்கு அப்படி ஒலிபரப்பானது அதுவே முதல் முறை.

ஜூலை 20ஆம் தேதி வெயிலும் கூட்டமும் தாங்கவில்லை. தளம் இடிந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ள, நீதிபதி ரால்ஸ்டன் அமர்வை வெளியே புல்வெளிக்கு மாற்றினார். அங்கே 'பைபிளைப் படியுங்கள்' என்று ஒரு பலகை. ஜூரிகள் கண்ணில் படும் என்று டாரோ ஆட்சேபித்ததும் அதை எடுத்துவிட்டார்கள். அப்புறம்தான் பிரயனையே பைபிள் பற்றிய சாட்சியாக ஏற்றி, டாரோ கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு மடக்கியது. தாங்கள் அரைப் பக்கம் எழுதியது இதைத்தான். அப்போது ஜூரிகள் அங்கே இல்லை. மறுநாள் பிரயனின் சாட்சியம் முழுவதையும் பதிவிலிருந்தே நீதிபதி நீக்கிவிட்டார். இந்தச் செய்தி கட்டுரையில் அவசியம் இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, ஸ்கோப்ஸ் 100 டாலர் அபராதம் கட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கட்டவில்லை. 50 டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை ஜூரிதான் விதிக்க வேண்டும் என்பது டென்னசி அரசியல் சாசனம். இங்கே நீதிபதியே விதித்தார். 1927இல் மாநில உச்ச நீதிமன்றம் இந்தக் காரணத்துக்காகத்தான் தீர்ப்பை ரத்து செய்தது. சட்டம் செல்லாது என்று சொல்லவில்லை. 1967இல்தான் அந்தச் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. கோப்பு நடைமுறையிலேயே வாழ்ந்தவனுக்கு இந்த இடம் மிக முக்கியமாகப் படுகிறது.

இந்த வழக்கால் ஊர் இத்தனை பெயர் வாங்கிய பிறகும் டேட்டன் மக்கள் கட்டடத்தை இடிக்காமல் வைத்திருந்து, 1970களில் பழுதுபார்த்தார்கள். 1976இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது. அடித்தளத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. முன்புல்வெளியில் பிரயனுக்கு 2005இல் சிலை வைத்தார்கள். டாரோவுக்கு 2017இல்தான் வைத்தார்கள். அதற்கு எதிர்ப்பும் இருந்தது. ஆனாலும் இருவரும் இப்போது அங்கே நிற்கிறார்கள்.

சட்டனூகாவுக்கு வரும் நம் குடும்பங்கள் அருவியையும் மலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை டேட்டனுக்கும் அழைத்துச் செல்லச் சொல்லி, அபராத விவரத்தையும் திருத்தி, ஒரு சிறு குறிப்பாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்,
சட்டனூகா, டென்னசி