கதவு திறக்கலைன்னா கைப்பிடிய பலமா இழுக்காதீங்க: பழைய காடி வச்சிருக்கிற நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு ஜெலுத்தோங் பட்டறையிலேர்ந்து எழுதுறோம்.

தீபாவளி நெருங்குது, மாசக்கணக்கா கவர் போட்டு நிறுத்தி வச்சிருந்த காடிய எல்லாரும் இப்பதான் வெளிய எடுக்கிறீங்க, இங்க செப்டம்பர் அக்டோபர்லதான் மழையும் ஜாஸ்தி, ரெண்டும் சேர்ந்தா எங்களுக்கு வர்ற போன்ல நிறைய ஒரே விஷயம்தான்: "அண்ணே, டிரைவர் பக்கம் கதவு திறக்கவே மாட்டேங்குது." அது பரவால்ல, அத சரி பண்ணிடலாம். அடுத்து சொல்றதுதான் மனசுக்கு கஷ்டமா இருக்கும்: "நல்லா இழுத்துப் பார்த்தேன், கைப்பிடி உடைஞ்சு கையோட வந்துடுச்சு."

அதுக்காகத்தான் இந்த மடல். இழுக்கறதுக்கு முன்னாடி படிச்சிடுங்க.

பழைய காடியோட வெளிக் கைப்பிடி கையில கனமா இருக்கும், பளபளன்னு இருக்கும், அதனால இரும்புன்னு நினைச்சுக்கிறோம். நிறைய காடில அது இரும்பு இல்ல, துத்தநாகக் கலவைய உருக்கி அச்சுல ஊத்தி மேல குரோம் பூசினது. இது வளைஞ்சு குடுக்காது, பட்டுன்னு உடைஞ்சிடும். உதாரணத்துக்கு மோரிஸ் மைனர் காடிய எடுத்துக்குங்க, அத தயாரிக்கறத 1971லயே நிறுத்திட்டாங்க, நல்ல ஒரிஜினல் கைப்பிடி கிடைக்கணும்னா வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்கணும், வாரக்கணக்கா காத்திருக்கணும், வந்தாலும் மத்த கதவுல இருக்கிற பழைய குரோமோட சேராம தனியா தெரியும். உள்ள இருக்கிற லாக்குக்கு பெரும்பாலும் தேவைப்படறது சுத்தம் பண்றதும் கொஞ்சம் கிரீஸும்தான். கைப்பிடி உடைஞ்சிட்டா சின்ன பில்லு பெரிய பில்லா ஆயிடுது, அது எங்களுக்கும் சந்தோஷமான விஷயம் இல்ல.

உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிடுறோம், தெரிஞ்சிட்டா யாரும் இழுக்க மாட்டீங்க. கதவு வந்து சாத்துற தூண்ல ஸ்ட்ரைக்கர்னு ஒரு இரும்புத் துண்டு இருக்கும். கதவோட ஓரத்துல இருக்கிற லாக்ல ஒரு கொக்கி இருக்கும், சாத்தும்போது அது சுத்தி ஸ்ட்ரைக்கர கவ்விக்கும், கவ்வினது திரும்பி வராம இருக்க சின்னதா ஒரு பல்லு வந்து முட்டுக் குடுக்கும், அந்தப் பல்ல ஒரு ஸ்பிரிங் எந்நேரமும் தள்ளிக்கிட்டே இருக்கும். கைப்பிடியோட மொத்த வேலையே அந்தப் பல்ல கொஞ்சூண்டு நகர்த்தி விடறதுதான், அதுக்கு பலமே தேவையில்ல. பல்லு ஒட்டிக்கிட்டு நகரலைன்னா நீங்க போடற பலம் அத்தனையும் கைப்பிடி மேலயும், கைப்பிடியையும் லாக்கையும் இணைக்கிற மெல்லிசான கம்பி மேலயும், அந்தக் கம்பிய பிடிச்சிருக்கிற கிளிப் மேலயும் போய் விழும். அதுல எது பலவீனமோ அது போயிடும்.

பல்லு ஏன் ஒட்டுது? கிரீஸ்ங்கறது எண்ணெயும் அத கெட்டியா பிடிச்சு வச்சிருக்கிற ஒரு சோப்பு மாதிரி பொருளும் கலந்தது. பத்து இருபது வருஷத்துல எண்ணெய் பிரிஞ்சு வழிஞ்சு போயிடும், காத்துபட்டு கெட்டும் போயிடும், மிச்சம் இருக்கிறது பலாப்பிசின் கணக்கா லாக் முழுக்க இறுகி உக்காந்துக்கும். அதுமேல ரோட்டுத் தூசி. நம்ம ஊர்ல கூடவே கடல் உப்பு, தஞ்சோங் பூங்கா, பத்து ஃபிரிங்கி பக்கம் கடலோரமா நிறுத்துற காடிங்கள்ல ஸ்பிரிங் துருப்பிடிச்சு இளைச்சுப் போயிருக்கறத நாங்க அடிக்கடி பார்க்கிறோம். ஸ்பிரிங் உடைஞ்சிருந்தா மாத்தித்தான் ஆகணும், மத்தபடி நம்மகிட்ட வர்ற லாக் பெரும்பாலும் சாகல, அழுக்குல மாட்டிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான். புது லாக் வாங்கணும்னு யாராச்சும் உடனே சொன்னா கொஞ்சம் யோசிங்க.

சரி, கதவு சாத்தின நிலையில மாட்டிக்கிச்சு, நீங்க என்ன பண்ணலாம்? முதல்ல உள்ள லாக் குமிழ் மேல வந்திருக்கான்னு பாருங்க, சாவி திரும்பினாலும் சில சமயம் குமிழ் பாதியிலயே நின்னுடும். நாலு கதவு காடில பின் கதவு வெளியிலேர்ந்து திறக்குது, உள்ளேர்ந்து திறக்கலைன்னா அது கோளாறே இல்லாம இருக்கலாம், கதவு ஓரத்துல சைல்ட் லாக் இருந்தா அத யாரோ தட்டி விட்டிருப்பாங்க. இதெல்லாம் இல்லைன்னா இடுப்பால கதவ உள்பக்கமா நல்லா அழுத்திக்கிட்டே கைப்பிடிய மெதுவா இழுங்க. கதவு ரப்பர் எந்நேரமும் கதவ வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், அந்த அழுத்தம்தான் கொக்கிய பல்லு மேல நெருக்கி வைக்குது, நீங்க உள்ள அழுத்தினா பல்லு லேசாகி நகர்றதுக்கு வழி கிடைக்கும். ரெண்டு பேரு இருந்தா இன்னும் நல்லது, ஒருத்தர் அந்தப் பக்கக் கதவு வழியா உள்ள போய் உள் கைப்பிடிய இழுக்கட்டும், ஒருத்தர் வெளியிலேர்ந்து அழுத்தட்டும். அப்படியும் வரலைன்னா கதவு இடுக்கு வழியா லாக் இருக்கிற இடத்துல துரு இளக்குற ஸ்பிரே அடிச்சு ராத்திரி பூரா விட்டுட்டு காலையில மறுபடி பாருங்க. அதுக்கு மேல வேணாம். கதவு இடுக்குல கம்பி விட்டு நெம்பாதீங்க, பெயிண்ட் போறது மட்டும் இல்ல, கதவு ஓரத் தகடு மடங்கிட்டா பழைய கோட்டுக்கு கொண்டு வர்றது ரொம்ப கஷ்டம்.

டபிள்யூடி 40 ஸ்பிரே பத்தி நிறைய பேரு கேக்கறீங்க. 1953ல அத கண்டுபிடிச்சதே ஈரத்த விரட்டறதுக்குத்தான். இறுகினத இளக்க நல்லா உதவும், நாங்களும் வச்சிருக்கோம், ஆனா அது கிரீஸுக்கு பதில் இல்ல, கொஞ்ச நாள்ல காஞ்சிடும், அதனால அடிச்சிட்டு திறந்துடுச்சுன்னு அப்படியே விட்டா திரும்ப மாட்டிக்கும். இளக்கின பிறகு கண்டிப்பா வெள்ளை லித்தியம் கிரீஸ் வைக்கணும். சாவி போடற ஓட்டைக்கு கிரீஸ் வேணவே வேணாம், அங்க கிராஃபைட் பவுடர்தான். கதவு ரப்பர்ல அந்த ஸ்பிரேயும் கிரீஸும் படக்கூடாது, ரப்பர் உப்பிடும், அதுக்கு சிலிகான்.

இப்ப பில்லு விஷயம். "ஒரு லாக்குக்கு எதுக்குண்ணே இவ்ளோ லேபர்"னு கேக்கறவங்க இருக்காங்க, நியாயமான கேள்விதான். கதவு திறந்திருந்தா வேலை சுலபம். சாத்தின கதவுல உள் அட்டைய கழட்டணும், அதுக்கு முதல்ல சீட்ட கழட்டணும், இல்லைன்னா கை போகாது. அப்புறம் கண்ணாடி சுத்துற கைப்பிடி, அதுக்கு பின்னாடி சில காடில லாட வடிவத்துல ஒரு கிளிப், சில காடில ஒரு சின்ன பின், அது தெறிச்சு விழுந்தா தேடறதுக்கே நேரம் போகும். அட்டை வெறும் ஹார்ட்போர்டுதான், மழைத்தண்ணி குடிச்சு ஊறியிருந்தா கிளிப் வர்ற இடமெல்லாம் பிஞ்சிடும், அதனால ஒவ்வொண்ணா மெதுவா நெம்பி எடுக்கறோம். அதுக்கப்புறம் கதவுக்குள்ள கைய விட்டு கண்ணு தெரியாம அந்தப் பல்ல தேடித் தள்ளணும். கதவு திறந்ததும் லாக்க கழட்டி மண்ணெண்ணெய்ல ஊற வச்சு, பிரஷ் போட்டு, கம்ப்ரசர்ல ஊதி, காய வச்சு, கிரீஸ் வச்சு மாட்டறோம். ரிவெட் அடிச்ச லாக்க நாங்க பிரிக்கறதில்ல, பிரிச்சா பழைய இறுக்கம் வராது. ஸ்ட்ரைக்கர லூஸ் பண்றதுக்கு முன்னாடி அது இருந்த இடத்த பென்சில்ல கோடு போட்டு வச்சுக்கறோம். ஒரு கதவுக்கு இவ்ளோ நேரம் ஆகறது அந்தக் கதவுல ஒரு கீறலும் விழாம திருப்பிக் குடுக்கறதுக்குத்தான்.

மெர்சிடிஸ் டபிள்யூ 123 மாடல் காடி வச்சிருக்கிறவங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு. சென்ட்ரல் லாக் உள்ள காடின்னா அது கரண்ட்ல ஓடறது இல்ல, இஞ்சின் காத்த உறிஞ்சறதால உண்டாகுற வேக்குவத்துல, அதாவது வெற்றிடத்துல ஓடுது, ஒவ்வொரு கதவுக்குள்ளயும் ஒரு ரப்பர் சவ்வு இருக்கும், அது கிழிஞ்சா கதவு ஒழுங்கா பூட்டாது, திறக்காது. டீசல் காடியா இருந்தா சாவிய ஆஃப் பண்ணதும் இஞ்சின நிறுத்தறதும் அதே வேக்குவம்தான், அதனால கதவுல ஒழுகினா சாவிய எடுத்த பிறகும் இஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கலாம். அப்படி ஆனா பம்புல கோளாறுன்னு அலையாதீங்க, முதல்ல கதவ பார்க்கச் சொல்லுங்க. எவ்வளவு அழகா யோசிச்சு பண்ணியிருக்காங்கன்னு இப்பவும் ஆச்சரியமா இருக்கு, ஒரு நல்ல ரப்பர் போட்டா அந்த லாக் சத்தமே இல்லாம வேலை செய்யும்.

அப்புறம் இதுக்கு நேர் எதிரா, கதவு திறந்திருக்கு, சாத்தவே முடியலைன்னும் வருவாங்க. திறந்திருக்கும்போது பிள்ளைங்க விரல் வச்சு கொக்கிய தள்ளியிருப்பாங்க, அது பூட்டின நிலைக்கு போயிருக்கும், அப்ப நீங்க எத்தன தடவ அடிச்சு சாத்தினாலும் இரும்பு இரும்புல மோதும், அவ்வளவுதான். வெளிக் கைப்பிடிய இழுத்துப் பிடிச்சுக்கிட்டு கொக்கிய ஸ்க்ரூ டிரைவரால திருப்பி விடுங்க, சரியாயிடும். இதையே சோதனையாவும் செய்யலாம்: கதவ திறந்து வச்சு ஸ்க்ரூ டிரைவரால கொக்கிய தள்ளினா டக் டக்னு ரெண்டு தடவ விழணும், கைப்பிடிய இழுத்தா துள்ளி திரும்பணும். சோம்பலா திரும்பினா லாக் காய ஆரம்பிச்சிருச்சு, இப்பவே கொண்டு வாங்க. ஒரு டக் மட்டும் கேட்டா அந்தக் கதவோட ஹைவேக்கு போகாதீங்க, பாலத்துல போகும்போது திறந்துக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. கயிறு கட்டி ஓட்டறதும் வேணாம். பின்னாடி அம்மாவயோ பேரப்பிள்ளைங்களையோ உக்கார வைக்கிறீங்கன்னா அந்தக் கதவு உள்ளேர்ந்தும் திறக்கணும், அவசரத்துக்கு இறங்க வேற வழி கிடையாது.

ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஆளுங்க கதவ ஓங்கி சாத்த வேண்டியிருக்குன்னு லாக்க சந்தேகப்படாதீங்க, அந்தக் காடி உள்ள காத்து வெளிய போக இடமில்லாம அவ்வளவு டைட்டா இருக்கும், கண்ணாடிய கொஞ்சம் இறக்கிட்டு சாத்திப் பாருங்க.

வீட்டுல செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கதவோட அடிப்பக்கத்துல தண்ணி வடியற சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், சாத்தே குச்சிய விட்டு அத குத்தி விடுங்க. அது அடைச்சிருந்தா மழைத்தண்ணி கதவுக்குள்ள தேங்கி, வெயில்ல ஆவியாகி, லாக்க உள்ளேர்ந்தே துருப்பிடிக்க வைக்கும், கதவோட அடித்தகடும் போயிடும். உள் அட்டைக்கு பின்னாடி இருக்கிற பிளாஸ்டிக் ஷீட் கிழிஞ்சிருந்தா நாங்க வேலை செய்யும்போது புதுசு போட்டுடுவோம், அதுக்கு தனியா காசு இல்ல.

தீபாவளிக்கு முன்னாடி வேலை முடியணும்னா இந்த வாரமே வாட்ஸ்அப் பண்ணுங்க. எந்தக் காடி, எந்தக் கதவு, சாத்தி மாட்டிக்கிச்சா திறந்து மாட்டிக்கிச்சா, கண்ணாடி இறங்குதா, இத சொல்லி ஒரு போட்டோவும் அனுப்பினா நாங்க சாமான் தேடி வச்சிடுவோம். காடி நகர முடியாத நிலையில இருந்தா தீவுக்குள்ள நாங்களே வீட்டுக்கு வந்து திறந்து தர்றோம். சாவி ரெண்டு செட் இருந்தா ரெண்டையும் எடுத்து வைங்க, தேய்ஞ்ச சாவியாலயும் இதே கோளாறு வரும்.

அன்போட,
ஜெலுத்தோங் பட்டறையிலேர்ந்து