கடைத்தெரு வட்டாரச் சங்கம், ஜார்ஜ்டவுன், பினாங்கு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் வரும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். எல்லாரும் சேர்ந்து துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங் ஒருமுறை நடந்தது.

இந்த ஆண்டின் பெரிய வேலை மேல்மாடிக் கணக்கெடுப்பு, அதாவது நம் கடைகளுக்கு மேலே உள்ள மாடிகள் எப்படி இருக்கின்றன என்று போய்ப் பார்த்தது. இது எதற்கு என்று சிலர் கேட்டதால் விளக்கிவிடுகிறேன். 1969-இல் பினாங்கு தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. அப்புறம் சரக்குக் கப்பல்களும் எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் பக்கம் போயின. வேலை போயும் இங்கே சனம் குறையாமல் இருந்ததற்கு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் காரணம். 2000 பிறந்ததோடு அந்தப் பாதுகாப்பும் போனது. கீழே கடை, மேலே வீடு என்று தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வாடகை கட்ட முடியாமல் ஆயர் ஈத்தாம், பாயான் பாரு என்று நகர மையத்துக்கு வெளியே கிளம்பின. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தோம். சுற்றுப்பயணிகள் வந்தார்கள், தங்கும் விடுதிகள் வந்தன. போன குடும்பங்கள் மட்டும் திரும்பவில்லை. இரவு கடை அடைத்தபின் கடை வாசலை ஒட்டிய நம் அஞ்சடி நடைபாதையில் யார் நடமாடுகிறார்கள் என்று பாருங்கள்.

கணக்கெடுப்பில் பார்த்த மாடிகளில் பல துணிமூட்டை வைக்கும் கிடங்குகள். உண்ணும் கூடுகளுக்காக மாடிகளில் குருவி வளர்ப்பதை 2013 முடிவுக்குள் அகற்றச் சொன்னபோது காலியானவை சில, இன்னும் அப்படியே கிடக்கின்றன. அங்கே உத்தரமெல்லாம் ஈரத்தில் ஊறிப் போயிருக்கிறது.

ஒரு மாடியைச் சீர்செய்தும் காட்டினோம். யாரோ எப்போதோ பூசிய சிமெண்டுக்குள் அடைபட்ட ஈரத்தால் சுவர் உப்புப் பூத்து, விரல் வைத்தாலே செங்கல் மாவாக உதிர்ந்தது. சிமெண்டைச் செதுக்கிவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூசினோம். ஒவ்வொரு பூச்சும் காயும்வரை காத்திருந்ததால்தான் தாமதம். சங்கப் பணத்தில் ஒருவர் வீட்டுச் சுவரைப் பூசுகிறோம் என்று பேசியவர்களுக்கு என் பதில் இது: பாதிச் செலவு உரிமையாளருடையது, அங்கே இப்போது ஒரு குடும்பம் நியாயமான வாடகைக்குக் குடியிருக்கிறது, அவர்கள் பிள்ளை இங்கிருந்தே பள்ளிக்கு நடந்து போகிறது.

கணக்கெடுப்புக்கு வருவதாக வாட்ஸ்அப்பில் பதில் போட்டவர்களில் பாதிப்பேர் வரவில்லை. எல்லா ஞாயிறும் அதே நாலைந்து முகங்கள்தான். வந்தவர்களில் இருவர் எழுபது தாண்டியவர்கள், செங்குத்தான அந்த மரப்படிகளில் அவர்கள் ஏறியிறங்கியதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை. சந்தா நிலைமையும் இதுதான். மூன்றாண்டாகக் கட்டாதவர்களும் உண்டு. பெயர்களை இங்கே படிக்கப் போவதில்லை, பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய ஈடாக இருக்கிறது. சுண்ணாம்பு வேலை தவிர மற்றவை வழக்கமான செலவுகள். கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு.

தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், பந்தலுக்கு மோர் கொடுத்த கடைக்காரர்களுக்கும், இந்த மண்டபத்தைத் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இன்னும் ஒரு மாடியையாவது வீடாக்க வேண்டும். இந்தக் கையிருப்பை வைத்து அது நடக்காது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். சொந்தக் கட்டடம் உள்ளவர்கள் சிலர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். பூட்டிக்கிடக்கும் மாடியின் சாவியை ஒரே ஒரு நாள் கொடுங்கள், கொத்தனாரோடு வந்து பார்த்து மதிப்பீடு தருகிறேன். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்றாலும் சரி, இந்த மேல்மாடி வேலையின் கோப்பு மட்டும் மூடப்பட வேண்டாம். கூட்டம் முடிந்ததும் வாசல் மேசையில் ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் இருப்பார்.