'சுகர் ஃப்ரீ' தட்டில் என்ன இருக்கிறது என்று எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீசன் தொடங்கிவிட்டால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று எங்கே பார்த்தாலும் ஹோம்மேட் சாக்லேட் கடைகளில் கூட்டம்தான். வரிசையாக வைத்திருக்கும் தட்டுகளில் ஒன்றில் 'சுகர் ஃப்ரீ' என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். எடை போட்டுக் கொடுக்கிற சாக்லேட் என்பதால் அதற்கு லேபிளும் கிடையாது, சர்க்கரைக்குப் பதிலாக என்ன போட்டிருக்கிறார்கள் என்ற விவரமும் கிடையாது. சர்க்கரைதான் இல்லையே, பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று பெற்றோர் நம்பி வாங்கிப் போகிறார்கள். அந்த நம்பிக்கை பாதிதான் சரி.

என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிற பிள்ளை. செயற்கை இனிப்பு என்றாலே விஷம் என்று வாட்ஸப்பில் சுற்றுகிற பேச்சை அதனால் நான் ஏற்கவே மாட்டேன். மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவளும் இனிப்பாக ஏதாவது குடிக்க முடிகிறது என்றால் அது சுக்ரலோஸ் மாதிரியான பொருட்களால்தான். சர்க்கரையைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு, துளி போதும், ரத்தச் சர்க்கரையும் ஏறாது. பல்லைச் சொத்தையாக்கும் கிருமிகளுக்கும் அது தீனி ஆவதில்லை. இந்த நன்மைகளை யாரும் மறைக்கக் கூடாது.

சாக்லேட் கதை வேறு. சர்க்கரையை எடுத்துவிட்டால் அந்த இடத்தை நிரப்ப ஒரு பொருள் வேண்டும், துளி சுக்ரலோஸ் அதற்குப் போதாது. அங்கேதான் மால்டிடால் போன்ற மாற்று இனிப்புப் பொருட்கள் வருகின்றன. ஒரு கிராம் மால்டிடாலில் சுமார் 2 கலோரி இருக்கிறது, சர்க்கரையில் 4. சர்க்கரை அளவுக்கு இல்லையென்றாலும் அதுவும் ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும், இன்சுலின் போடுகிற பிள்ளைக்கு அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், பெயரே தெரியாத பொருளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதிகம் தின்றால் வயிறு உப்பும், பேதியாகும், சின்ன உடம்புக்கு அந்த 'அதிகம்' சீக்கிரமே வந்துவிடும். பர்லியார் வளைவுகளில் இறங்கும்போது பிள்ளைக்கு வயிற்றைக் கலக்கினால் வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைப்பார்கள், சாக்லேட்டை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இன்னொன்றை ஆசிரியர்களும் பள்ளி வேன் ஓட்டுகிறவர்களும் தயவுசெய்து தெரிந்துகொள்ள வேண்டும். டைப் 1 பிள்ளைக்குச் சுகர் திடீரென்று இறங்கினால் கை நடுங்கும், படபடக்கும், நம்ம ஊர்க் குளிரிலும் வியர்க்கும். அந்த நேரத்தில் டயட் பானமோ சுகர் ஃப்ரீ சாக்லேட்டோ உதவாது. குளுக்கோஸ், சர்க்கரைத் தண்ணீர், பழச்சாறு, இதில் ஏதாவது ஒன்றை உடனே கொடுக்க வேண்டும். சாதாரண சாக்லேட்கூட அந்த அவசரத்துக்கு ஆகாது, அதிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்திவிடும். பிள்ளை மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சரி, சர்க்கரை நோய் இல்லாத பிள்ளைகளுக்கு? உடல் எடையைக் கட்டுப்படுத்த சுக்ரலோஸ் மாதிரியான இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொன்னது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களைத் தவிர்த்து, குழந்தைகள் உட்பட எல்லோருக்குமான பரிந்துரை அது. நீண்ட காலத்தில் உடல் கொழுப்பு குறைவதாகத் தெரியவில்லை என்பதுதான் காரணம். அதே ஆண்டு ஜூலையில், டயட் பானங்களில் சேர்க்கும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு, புற்றுநோயை உண்டாக்கும் 'சாத்தியம் உள்ள' பொருட்களின் பட்டியலில் சேர்ந்தபோது பெரிய பீதி கிளம்பியது. ஆனால் ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பு மாறவில்லை. 20 கிலோ பிள்ளைக்கு 800 மில்லிகிராம், ஒரு டயட் பான கேனில் 200, 300 மில்லிகிராம் இருக்கலாம். எப்போதோ ஒன்று குடித்ததற்குப் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ள பிள்ளைகள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது. நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கு இதைத் தினசரிப் பழக்கமாக்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை, எப்போதும் தித்திப்பையே தேடுகிற நாக்குதான் மிச்சம். பிளம்ஸும் பேரிக்காயும் விளைகிற மலையில் இருந்துகொண்டு அதற்கு என்ன அவசியம்?

கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பலர் குடும்பமாக வீட்டிலேயே செய்து விற்கிறவர்கள். ஆனால் எடை போட்டு விற்கும் இனிப்புகளுக்கு எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைக்கும் விதி 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே மாதிரி 'சுகர் ஃப்ரீ' தட்டின் முன்னால், சேர்த்திருக்கும் இனிப்பின் பெயரையும் 100 கிராமில் அது எவ்வளவு என்பதையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கும்படி மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறை கடைகளுக்குச் சொல்ல வேண்டும். அடுத்த சீசனுக்குள் இதைச் செய்யும்படி உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், குன்னூர்