கிண்ணம் குடையக் கூடாத உளியைக் கிண்ண உளி என்று விற்றது பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஆறு உளிகள் கொண்ட மரக்கடைசல் செட்டில் பெரிய உளி முறிந்து கையில் காயம் ஏற்பட்டது தொடர்பாக.

ஐயா / அம்மா,

கடந்த ஜனவரியில் 6,480 ரூபாய் கொடுத்து உங்களிடம் ஒரு உளி செட் வாங்கினேன். அதிலிருந்த பெரிய உளி 2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை காலை, ஓடிக்கொண்டிருந்த லேத்தில் (கட்டையைச் சுழலவிட்டுக் கடையும் இயந்திரம்) கைப்பிடிக்கு அருகில் முறிந்து பறந்தது. இடது கட்டைவிரலில் மூன்று தையல். முகத்துக்குக் கவசம் போட்டிருந்ததால் கண் தப்பியது. கவசத்தில் குறுக்கே ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. இது பற்றி உங்களுக்கு இரண்டு மின்னஞ்சல் அனுப்பி, ஒருமுறை போனிலும் பேசிவிட்டேன். "தவறான பயன்பாடு" என்ற ஒரே பதில்தான் வந்தது. அதனால் நடந்ததை முழுதாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நான் பள்ளி ஆசிரியை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்றில் பழைய லேத்தை வைத்துக்கொண்டு மூன்று வருடமாக மரக் கிண்ணம் கடைந்து வருகிறேன். விற்பதற்கு இல்லை. பள்ளி விட்டு வந்து ஒரு மணி நேரம் சுருள் சுருளாகச் சீவல் விழுவதைப் பார்த்தால் அன்றைய நாளின் பாரம் இறங்கிவிடும். இங்கே கிடைக்கிற சில்வர் ஓக், சீகை இரண்டிலும் பழகிய பிறகுதான் பிளம்ஸ் மரத்தில் கை வைத்தேன். அது என் அத்தை, அதாவது மாமியார், நட்டு வளர்த்த மரம். ஐப்பசி மழையில் வேரோடு சாய்ந்துவிட்டது. அடுப்புக்குப் போக விடாமல் அறுத்து, வெட்டு முகங்களில் மெழுகு பூசி எடுத்து வைத்தேன். வெற்றிலை பாக்கு வைக்க அதில் ஒரு கிண்ணம் செய்து தரச் சொல்லி அத்தை கேட்டிருந்தார்.

உளி முறிந்தபோது உடைந்தது அந்தக் கிண்ணம்தான்.

பச்சை மரத்தை முதலில் கனமாகத்தான் கடைய வேண்டும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவரை விட்டு, மாதக்கணக்கில் காயவைத்து, அது கோணிய பிறகு மறுபடி ஏற்றி மெலிதாக்க வேண்டும். நான் ஏற்றியது 25 சென்டிமீட்டர் கட்டை. வேகம் நிமிடத்துக்கு 600 சுற்று. அந்த வேகத்தில் கட்டையின் விளிம்பு மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் ஓடும். வெளிப்பக்கம் முடித்து உள்ளே குடைய ஆரம்பித்தபோது மரம் உளியைப் பிடித்து இழுத்தது. கடைசல் செய்கிற எல்லோருக்கும் இது எப்போதாவது நடப்பதுதான். நல்ல உளியாக இருந்தால் கை அதிரும், கட்டையில் ஒரு பள்ளம் விழும், லேத்தை நிறுத்திவிட்டு உளியைத் தீட்டுவோம். இங்கே உளியே, கைப்பிடியின் வாயை இறுக்கும் பூணுக்குப் பக்கத்தில், ஒடிந்தது. கைப்பிடி என் கையில் இருந்தது, இரும்பு கவசத்தில் மோதித் தகரச் சுவரில் போய் விழுந்தது.

எனக்குக் கடைசல் சொல்லிக்கொடுத்தவர் குன்னூரில் இருக்கிறார். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைந்த குடும்பம். முறிந்த துண்டைக் கையில் வாங்கியதுமே, "இது கட்டில் கால் உருட்டுற உளிம்மா, இதையா கிண்ணத்துக்குள்ள விட்டே?" என்று கேட்டார்.

அவர் விளக்கியதை உங்கள் தயாரிப்புப் பிரிவும் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டில் கால், பூரிக்கட்டை கடையும்போது மரத்தின் நார் லேத்தின் நீளவாக்கில் கிடக்கும், உளி மேலே வழுக்கிக்கொண்டு சீவும். கிண்ணத்தில் நார் குறுக்கே கிடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உளி நாரின் வெட்டுமுனையில் மோதும். போதாததற்குக் குடையும்போது உளியின் முனை, உளியை வைத்துப் பிடிக்கும் தாங்கியை விட்டு வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நெம்பலைத் தாங்கத்தான் பவுல் காஜ் என்கிற கிண்ண உளியை உருண்டைக் கம்பியில் பள்ளம் எடுத்துச் செய்கிறார்கள். கம்பி அதே கனத்தில் கைப்பிடிக்குள் போகும். நீங்கள் அனுப்பியது 32 மில்லிமீட்டர் அகலமுள்ள ரஃபிங் காஜ், அதாவது கட்டில் கால் உருட்டுகிற உளி. மேலே அத்தனை அகலம் இருந்தும், கைப்பிடிக்குள் போகும் வால் வெறும் 8 மில்லிமீட்டர். பித்தளைப் பூண் அதை மறைத்துக்கொண்டிருந்தது. ஒடிந்த பிறகுதான் என் கண்ணில் பட்டது.

எனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பீர்கள். உங்கள் பெட்டியை எடுத்துப் பாருங்கள். மேல்மூடியில் "கிண்ண உளி செட்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். அதற்குக் கீழே ஒருவர் இதே பெரிய உளியை ஒரு கிண்ணத்துக்குள் விட்டுக் குடைகிற படமும் இருக்கிறது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு, எச்சரிக்கை என்று ஒரு வரி, எதுவும் இல்லை. படத்தில் காட்டியபடிதான் நான் செய்தேன். அது தவறான பயன்பாடு என்றால் அந்தத் தவறு உங்கள் பெட்டியில் அச்சாகி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்தது இரும்பு. பெட்டியில் ஹை ஸ்பீடு ஸ்டீல், அதாவது சூட்டைத் தாங்கும் எஃகு, என்று போட்டிருக்கிறது. வாங்கிய முதல் வாரத்திலேயே சாணை பிடிக்கும்போது முனை நீலம் பாய்ந்தது. பிறகு பத்து நிமிடம் கூடக் கூர்மை நிற்கவில்லை. "சாணையில் அதிகம் சூடேற்றிப் பதத்தைக் கெடுத்துவிட்டீர்கள்" என்று உங்கள் இரண்டாவது மின்னஞ்சல் சொல்கிறது. பதம் என்றால் இரும்பின் கடினத்தன்மை. அந்த நீலம் சுமார் 300 டிகிரி செல்சியஸில் வருகிற நிறம். சாதாரண கார்பன் இரும்பாக இருந்தால் அதற்குள் பதம் போய்விடும். ஹை ஸ்பீடு ஸ்டீல் 500 டிகிரிக்கு மேலும் பதம் தாங்கும், நீலத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. அப்படியானால், சூட்டில் பதம் போனது என்று நீங்கள் எழுதியதே இது ஹை ஸ்பீடு ஸ்டீல் இல்லை என்பதற்கு உங்கள் வாக்குமூலம்.

சந்தேகம் வேண்டாம் என்று பக்கத்து வீட்டு அண்ணனிடமும் கொடுத்துப் பார்த்தேன். தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உங்கள் உளியையும் ஒரு பழைய ஹை ஸ்பீடு டிரில் பிட்டையும் மாற்றி மாற்றிச் சாணையில் வைத்தார். டிரில் பிட்டில் மங்கலாய்ச் சிவந்த பொறி கொஞ்சம்தான் வந்தது. உங்கள் உளியில் கம்பி மத்தாப்பு மாதிரி வெள்ளையாய், கிளை கிளையாய்ச் சிதறியது. கார்பன் இரும்புதான் இப்படிப் பொறி விடும். வீடியோ எடுத்து இணைத்திருக்கிறேன். செட்டில் மீதியுள்ள ஐந்து உளிகளிலும் இதே பொறிதான்.

உங்கள் சேவை எண்ணில் பேசியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பேச ஆரம்பித்த அரை நிமிடத்தில், "வீட்ல சார் இருந்தா குடுங்க மேடம், அவர்கிட்ட விளக்கிடுறேன்" என்றார். லேத் என்னுடையது, அடிபட்டது என் கை. அவருக்கு இதை யாராவது புரியவையுங்கள்.

என் கோரிக்கைகளில் பணம் சின்னது: செட்டின் விலை 6,480 ரூபாய், மருத்துவச் செலவு 850 ரூபாய். அதைவிட எனக்கு முக்கியம், இந்தப் பெட்டி இதே படத்தோடு இனி ஒருவருக்கும் போகக் கூடாது. இருப்பில் உள்ளதை நிறுத்துங்கள். பெரிய உளியைக் கிண்ணத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று இதுவரை வாங்கிய அத்தனை பேருக்கும் தகவல் அனுப்புங்கள். அவர்கள் போன் எண்ணும் முகவரியும் உங்களிடம் இருக்கின்றன. எனக்கு முகக்கவசம் இருந்தது. மூக்குக்கண்ணாடி மட்டும் போட்டுக்கொண்டு கடைகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முறிந்த உளியை என் செலவில் கூரியரில் அனுப்பச் சொல்கிறீர்கள். அனுப்ப மாட்டேன், என்னிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். உங்கள் ஆள் கோத்தகிரிக்கு வந்தால் தாராளமாகக் காட்டுகிறேன். இரண்டு துண்டுகளையும் அளவுகோலோடு வைத்து எடுத்த படங்கள், ரசீது, மருத்துவச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள் இத்துடன் உள்ளன.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும். சரியான பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ இல்லாமல் பொருளை விற்று அதனால் காயம் ஏற்பட்டால் தயாரித்தவர் பொறுப்பு என்று அதே சட்டத்தின் 84ஆம் பிரிவு சொல்கிறது. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி பெட்டியில் எங்கும் இல்லை. அதனால் அதையும் பதிலில் எழுதுங்கள்.

பிளம்ஸ் மரத்தில் இன்னும் மூன்று துண்டுகள் மீதி இருக்கின்றன. தையல் பிரித்து விரல் மடங்க ஆரம்பித்ததும் அத்தையின் கிண்ணத்தை மறுபடி தொடங்குவேன், குன்னூர்க்காரர் தம் உளியை இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேச வேண்டுமானால் பள்ளி நாட்களில் மாலை 5 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். நானே எடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கோத்தகிரி.