இரவு டியூட்டிக்கு ஆள் கணக்கிடும் நிர்வாகிகளுக்கு

நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களை நடத்துவோருக்கு, செவிலியர்களின் வணக்கம்.

இரவில் எத்தனை பேர் வேண்டும் என்பதைக் கட்டில்களை எண்ணி முடிவு செய்கிறீர்கள். 30 கட்டில், 2 பேர். அந்த 30 பேரில் தாமாகப் புரள முடியாதவர்கள் 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். படுக்கைப் புண் வராமலிருக்க இவர்களை நாங்கள்தான் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒருவரைப் புரட்டி, டயப்பர் மாற்றி, தோலைத் துடைத்துக் க்ரீம் தடவி, தலையணை கொடுத்து, கை கழுவ 10 நிமிடம். இருவர் சேர்ந்துதான் செய்ய முடியும். ஆக 120 நிமிடம். புரட்டிய நேரத்தைக் குறிக்கும் உங்கள் சார்ட் கேட்பதோ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை! கடைசிக் கட்டிலை முடித்ததும் முதல் கட்டிலுக்கு ஓட வேண்டியதுதான். அழைப்பு மணிக்கும் மருந்துக்கும் யார் போவது?

அதனால் இருவரும் பிரிந்து, ஒருவரே புரட்டுகிறார். தனியாளாகத் தூக்க முடியாது, இழுக்கிறார். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு நகர்கிறது. நடுவிலுள்ள ரத்தக் குழாய்கள் இழுபட்டு நசுங்குகின்றன. வால் எலும்புப் பக்கத்துப் புண் பல நேரம் இப்படி ஆழத்தில்தான் தொடங்குகிறது. சார்ட்டில் மட்டும் 12, 2, 4 என்று அச்சடித்தாற்போல் டிக். அவ்வளவு ஒழுங்கான சார்ட்டைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

ஆள் இருந்தால் சரியாகச் செய்யலாம். முழுக்க ஒருக்களித்தால் இடுப்பெலும்பு அழுந்தும். 30 டிகிரி சாய்வு போதும். தலையணை கெண்டைக்காலுக்கு அடியில், குதிகால் எதையும் தொடாமல். சிவந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்கவும். வெளுக்காவிட்டால் சேதம் தொடங்கிவிட்டது, அங்கே தேய்க்கவே கூடாது. டியூப் வழி உணவு பெறுபவருக்குத் தலைப்பக்கம் குறைந்தது 30 டிகிரி உயர வேண்டும், ஆனால் உயர்த்தினால் கீழே சரிவார். முதலில் முழங்கால் பக்கத்தை உயர்த்துங்கள்.

நடுவில் ஓட்டையுள்ள வளையத் திண்டு வாங்குவதை நிறுத்துங்கள். அதன் விளிம்பே ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். ஏர் பெட் நல்லதுதான். ஆனாலும் அதன் மேல் படுத்திருப்பவரையும் புரட்டியாக வேண்டும்.

நாங்கள் கேட்பது இவைதான். இருவர் சேர்ந்து புரட்ட வேண்டியவர்களை வாரம் ஒருமுறை எண்ணி, அதை வைத்து இரவுப் பணிக்கு ஆள் போடுங்கள். மேலே சொன்ன கணக்குக்கு மூன்றாவது ஆள் கட்டாயம். இழுக்காமல் நகர்த்த உதவும் வழுக்கு விரிப்பு, புரட்ட வேண்டிய ஒவ்வொருவருக்கும் ஒன்று, சலவைக்குப் போகும்போது மாற்ற இன்னொன்று. மருத்துவமனையிலிருந்து ஒருவர் திரும்பினால் அடுத்த வாரக் கணக்குக்குக் காத்திராமல் அன்று மாலையே தோலைப் பார்த்து எண்ணிக்கையைத் திருத்துங்கள்.