‘கலைத்துப் போடு’ என்றே சொல்லிக்கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் ஆங்கிலப் பயிற்சிப் பகுதியில் ‘மெஸ் அப்’ (mess up) என்பதற்குக் ‘குழப்பு’ என்று பொருள் தந்திருந்தீர்கள். அது தவறில்லை என்றாலும், பள்ளியில் நெடுங்காலம் ஆங்கிலம் நடத்தியவள் என்ற முறையில், அந்த ஒற்றைச் சொல் மாணவர்களுக்குப் போதாது என்று கருதுகிறேன்.

என் மாணவி ஒருத்தி இச்சொல் வந்த வாக்கியத்தை, ‘தம்பி அறையை மேலே குழப்பினான்’ என்று தேர்வுத்தாளில் மொழிபெயர்த்திருந்தாள். ‘அப்’ என்றால் ‘மேலே’ என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம். அவளைக் குறைசொல்ல மனம் வரவில்லை. மடித்துவைத்த துணிகளைத் தம்பி இழுத்துப் பரப்பியிருந்தால் வீட்டில் அம்மாவிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன். “எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுட்டாம்மான்னு சொல்லுவேன் டீச்சர்” என்றாள். நான் தேடிய விடை அதுதான். ‘கலைத்துப் போட்டான்’ என்பதிலுள்ள ‘போடு’ எதையும் கீழே போடுவதைக் குறிப்பதில்லை. செயல் முடிந்துபோனதையும், செய்தவனின் அக்கறையின்மையையும், பார்ப்பவரின் எரிச்சலையும் சேர்த்துச் சொல்லும் துணைவினை அது. ஆங்கில ‘அப்’பும் இங்கே திசையைக் காட்டாமல் வினைக்கு அழுத்தமும் முழுமையும் தருகிறது. இந்த ஒப்புமையைக் காட்டினால், மனப்பாடம் செய்யாமலே பிள்ளைகளுக்குப் பொருள் பிடிபடும்.

‘மெஸ்’ நமக்கு அந்நியமான சொல்லும் அன்று. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது பரிமாறப்படும் உணவையே குறித்த அச்சொல், சேர்ந்து உண்போரின் குழுவையும் பட்டாள உணவுக்கூடத்தையும் குறித்து, நம் விடுதிகளின் மெஸ் வரை வந்திருக்கிறது. கலந்து குழைந்த உணவு என்ற பொருள் வழியாகத்தான் அலங்கோலம் என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தது.

வாரிய தலையைக் கலைப்பதற்கும் ‘மெஸ் அப்’தான். காரியத்தைக் கெடுத்துவிடுவதைக் குறிக்கும் இடத்தில் மட்டும் ‘சொதப்பு’ என்பது கச்சிதமாகப் பொருந்துகிறது. ‘சொதப்பு’ பேச்சுவழக்குச் சொல், ‘மெஸ் அப்’பும் அப்படியே. ஆகவே தலைமையாசிரியருக்கு எழுதும் விண்ணப்பத்தில் ‘மெஸ் அப்’பைத் தவிர்க்க வேண்டும் என்பதையும், ‘மெஸ் இட் அப்’ என்பதே சரி, ‘மெஸ் அப் இட்’ பிழை என்பதையும் அடுத்த இதழில் இரண்டு வரியாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
தஞ்சாவூர்.