தாளை அவள் கையில் கொடுங்கள், டாக்டர்

தோட்டத் தொழிலாளர்களுக்கு ஆண்டுப் பரிசோதனை நடத்தும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் பட்டணத்திலிருந்து செம்பனைக் காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனால் வரும் ஒரு சிறு பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு வரிசைக் கடைகள், ஒரு மாரியம்மன் கோவில், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு பெட்ரோல் நிலையம். ஊர் அவ்வளவுதான். உங்கள் வேன் ஆண்டுக்கு ஒரு முறை இங்கே வருகிறது. பழைய ஆயாக்கொட்டகைத் திண்ணையில் மேசை போடுகிறீர்கள். பூச்சி மருந்து அடிக்கும் பெண்கள், பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கு முடிந்து நேராக வந்து வரிசையில் நிற்கிறார்கள். தாதி கையில் ரப்பர் நாடாவைக் கட்டி, நரம்பைத் தட்டிப் பார்த்து, ஒரு குழாய் இரத்தம் எடுக்கிறார். பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்தால் ஒரு மைலோ பெட்டியும் இரண்டு பிஸ்கட்டும் கிடைக்கும். வேன் போய்விடும். அந்த இரத்தம் என்ன சொன்னது என்று அவர்களிடம் வந்து சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான் உங்கள் தொழிலுக்குப் புறத்தே நின்று கல்லெறிகிறவள் அல்ல. இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, படித்து, ஆய்வுக்கூடப் பணியாளராக வேலை பார்த்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவள். நீங்கள் அனுப்பும் குழாய்களைச் சுழற்றி, அளந்து, எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டவள். ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தத் துணிச்சல் வந்தது. முன்பே வந்திருக்க வேண்டும். அதற்கான வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஒரு குழாயின் கதையைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த பாடம்தான். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். சில பூச்சி மருந்துகள், முக்கியமாக ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்தவை, கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைப் பிடித்து முடக்கிவிடும். நரம்பு தசைக்கு ஒரு சேதி அனுப்பியதும், அந்தச் சேதியைத் துடைத்து அடுத்ததற்கு இடம் விடுவது இந்த நொதியின் வேலை. துடைக்க ஆள் இல்லாவிட்டால் சேதி மேல் சேதி குவியும். வியர்வை கொட்டும், எச்சில் ஊறும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், தலை இடிக்கும். இரத்தச் சிவப்பணுவில் இந்த நொதியை அளக்கலாம். ஆனால் ஆளுக்கு ஆள் இயல்பான அளவே வேறு. ஒருத்திக்குச் சரியான அளவு இன்னொருத்திக்கு ஆபத்தான சரிவாக இருக்கலாம். ஆகவே, மருந்துப் பம்பை முதுகில் மாட்டும் முன்பே எடுத்த அளவு ஒன்று கையில் இருந்தால்தான் பிறகு எடுக்கும் அளவுக்குப் பொருள் உண்டு. எத்தனை பேருக்கு அந்த முதல் அளவு இருக்கிறது என்று உங்கள் கோப்புகளை ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

அன்று வந்த குழாய்களில் ஒன்றில் இருந்தது எனக்குத் தெரிந்த பெயர். எங்கள் லயத்தில் இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய எண் முந்தைய ஆண்டின் அளவில் பாதியை ஒட்டி நின்றது. இயந்திரம் தவறியிருக்கலாம் என்று மீண்டும் ஓட்டினேன். அதே எண். சிவப்பில் குறித்து, மேலாளரிடம் காட்டி, அறிக்கையை அனுப்பினேன். உறையின் மேல் இருந்த முகவரி தோட்ட நிறுவனத்துடையது. அடுத்தது உங்களைப் போன்ற ஒரு மருத்துவருடையது. அவள் முகவரி எந்த உறையிலும் இல்லை.

அந்த மாதம் கோவிலில் அவளைப் பார்த்தேன். தலைவலி என்றாள். வெயில்தான் காரணம் என்று அவளே சொல்லிக்கொண்டாள். ஆய்வுக்கூடத்தில் பார்த்ததை வெளியே பேசக்கூடாது என்பது எங்கள் விதி. அந்த விதி நோயாளியைக் காக்க வந்தது. அன்றைக்கு அது நோயாளியிடமிருந்தே மறைக்கச் சொன்னது. வாயைக் கட்டிக்கொண்டு, "எதற்கும் டாக்டரை ஒரு முறை பாரேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்தாள். "டாக்டர்தான் போன மாதமே இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டாரே அக்கா. ஏதாவது இருந்தால் சொல்லியிருக்க மாட்டாரா?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நீங்கள் எதுவும் சொல்லாததை அவள் நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டாள். பரிசோதனையே நடக்காமல் இருந்திருந்தால் தலைவலிக்குப் பயந்து அரசாங்கக் கிளினிக்குக்காவது போயிருப்பாள். உங்கள் வேன் வந்துபோனதால் அவளுக்கு அந்தப் பயமும் இல்லாமல் போனது.

மறுநாள் பரிசோதனை நடத்திய மருத்துவரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். அறிக்கை நிறுவனத்துக்கு அனுப்பியாகிவிட்டது என்றார்கள். ஏழு வாரம் கழித்து அவளை மருந்து வேலையிலிருந்து எடுத்து உரம் போடும் வேலைக்கு மாற்றினார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மருந்து அடிப்பதற்குக் கொடுத்த கூடுதல் காசு நின்றது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தன்மேல் வன்மம் வைத்து மாற்றிவிட்டார் என்று நினைத்து, பெரட்டுக் களத்தில் அவரை வாயில் வந்தபடி திட்டிவிட்டு, வீட்டில் போய் அழுதிருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு நான் உண்மையைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போதே சொல்லியிருந்தால் அந்த மனுஷனிடம் சண்டை போட்டிருக்க மாட்டேன் அக்கா" என்றாள். அவள் இன்றும் நலமாகத்தான் இருக்கிறாள். அவளுடைய நல்லகாலம் அது.

உங்கள் இக்கட்டு எனக்குத் தெரியாமல் இல்லை. உங்களுக்குக் கட்டணம் கொடுப்பது நிறுவனம். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் உங்களுக்கா, இன்னொருவருக்கா என்பதும் அவர்கள் கையில். சொல்லிவிட்டால் ஆட்கள் மிரண்டு வேலையை விட்டு ஓடிவிடுவார்கள் என்று நிர்வாகம் கவலைப்படும். ஆனால் ஊசி யார் கையில் ஏறியது? மருத்துவருக்கு நோயாளி யார் என்ற கேள்விக்கு, காசு கொடுத்தவர் என்ற பதில் எந்த மருத்துவக் கல்லூரியிலும் தேறாது.

இந்தக் கேள்வி இந்த மண்ணில் பழையது. 1905 வாக்கில் மலாயாவில், சத்துக் குறைவால் வரும் பெரிபெரி என்ற நோய் ஆட்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்றுகொண்டிருந்தது. சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்ற சீனத் தொழிலாளர்கள் மடிந்தார்கள். புழுங்கல் அரிசி தின்ற தமிழர்களை அந்த நோய் பெரும்பாலும் அண்டவில்லை. நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்து எழுதினார். வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு வெள்ளை அரிசியும் மறுபக்கத்துக்குப் புழுங்கல் அரிசியும் போட்டுப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பக்கத்தில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் அரிசிப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. 1907-இல் அது மருத்துவ இதழில் வந்தது. அதே ஆண்டு பிரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் ஜெலுபுவில், சாலை போட வந்த ஏறத்தாழ 300 ஜாவாத் தொழிலாளர்களிடம் இதே சோதனையை நடத்தினார்கள். ஜெலுபு எங்களுக்குப் பக்கத்து மாவட்டம்தான். நோய் தலைகாட்டியதும் அவர்கள் அரிசியை மாற்றிக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

அந்தச் சோதனைகளால் பிறகு எத்தனையோ உயிர் பிழைத்தது. எங்கள் பாட்டன்மார் தின்ற சோறு உலக மருத்துவத்துக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனாலும் அந்த 18 பேரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர்கள் முன்னால் வைத்த தட்டுதான் நினைவுக்கு வருகிறது. அதில் இருக்கும் அரிசிக்கு என்ன அர்த்தம் என்பது, வைத்தவருக்குத் தெரிந்திருந்த அளவுக்குத் தின்றவருக்குத் தெரியாது.

என் அம்மா காலத்தில் இரத்தப் பரிசோதனையெல்லாம் கிடையாது. அம்மா பாராகுவாட் அடித்தவர். புல்லுக்கு அடிக்கும் மருந்து என்பதால் அதை யாரும் பெரிதாக எண்ணவில்லை. பம்பின் மூடி ஒழுகி முதுகு நனையும். கலக்கும்போது விரல் நனையும். அம்மாவின் நகங்களில் முதலில் வெள்ளைப் பட்டை விழுந்தது. பிறகு பழுப்பாகி, அடியிலிருந்து தூக்கிக்கொண்டு, இரண்டு விரல்களில் கழன்றே விழுந்தன. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் ஊதா மருந்து தடவி அனுப்பினார். கல்யாண வீட்டுப் பந்தியில் அம்மா கடைசி ஆளாக உட்காருவார். சாம்பாரைப் பிசையும் கையை இலையோரம் மறைத்துக்கொள்வார். பாராகுவாட் நகத்தைத் தின்னும் என்பதை நான் பாடப்புத்தகத்தில் படித்தபோது அம்மா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு மடக்கு விழுங்கினால் நுரையீரலை இறுக்கிக் கொல்லும் நஞ்சு அது. மாற்று மருந்து இல்லை. சுவிட்சர்லாந்து 1989-லேயே அதைத் தடைசெய்துவிட்டது. இங்கே 2002-இல் பெண் தொழிலாளர் உரிமைக்காகப் போராடும் தெனாகனித்தா அமைப்பு மருந்து அடிக்கும் பெண்களின் நிலையை அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2006-இல் அந்த முடிவைத் தளர்த்தியது. முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான். இடையில் போன ஆண்டுகளை விரல்விட்டு எண்ணினால் எனக்கு நகங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

அம்மா காலத்தில் டிரெசருக்கே தெரியாது; ஆகவே சொல்லவும் ஆள் இல்லை. இன்றைக்கு உங்களுக்குத் தெரிகிறது, ஆய்வுக்கூடத்துக்குத் தெரிகிறது, நிறுவனத்தின் கோப்புக்குத் தெரிகிறது. கேடான இரசாயனங்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிமுறைகள் பரிசோதனைப் பதிவுகளை 30 ஆண்டு பாதுகாக்கச் சொல்கின்றன. ஒருவருக்கு ஆபத்து என்று நீங்கள் எழுதினால் அவரை அந்த வேலையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. அவ்வளவு அதிகாரம் உங்கள் பேனாவுக்கு உண்டு. 2010-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனம் வேண்டிய தகவலாக வைத்து, தன்னைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையையும் தருகிறது. உரிமை இருக்கிறது என்பது காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்கு நிற்பவளுக்கு எப்படித் தெரியும்? கேட்டால் வேலைக்கு உலை வருமோ என்ற பயம் வேறு. தோட்டத்துக்கு இப்போது வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் இரட்டிப்பு.

டிரோன் வந்துவிட்டது, இனி முதுகில் பம்பு இல்லை, உங்கள் கவலையெல்லாம் பழங்கதை என்று ஓர் இளைஞர் என்னிடம் சொன்னார். பறக்கும் இயந்திரத்தை நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் தொட்டி சிறியது; ஆகவே தண்ணீர் குறைவு, மருந்து கெட்டி. அந்தக் கெட்டி மருந்தை வாளியில் கலக்கிக் கொடுப்பது யார் என்று பார்த்தால், பழைய பம்புக்காரப் பெண்தான். தூவானம் காற்றில் எங்கே போகிறது என்பதை அதன் திரை காட்டுவதில்லை. தோட்டத்து எல்லை வாய்க்காலுக்கு அப்பால் எங்கள் பள்ளித் திடல் இருக்கிறது. இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே போதும்.

நான் கேட்பது சிறியது. முதல் நாள் வேலைக்கு முன் முதல் அளவை எடுங்கள். முடிவு வந்ததும் நிறுவனத்துக்குப் போகும் அன்றே ஒரு பிரதி, மூடிய உறையில், அவள் பெயருக்குப் போகட்டும். தமிழில் நான்கு வரி போதும்: இந்த ஆண்டு அளவு இது, போன ஆண்டு அளவு இது, இதனால் நீ செய்ய வேண்டியது இது, சந்தேகம் என்றால் இந்த எண்ணைக் கூப்பிடு. தமிழ் தெரியாதவருக்கு அவர் மொழியில். படிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லுங்கள். உங்கள் வேனில் வரும் தாதிகளில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள்தான். வேலையிலிருந்து விலக்கச் சொல்லி எழுதும்போது கூலி குறையக் கூடாது என்றும் சேர்த்து எழுதுங்கள். நிர்வாகம் ஏற்குமா என்பது பிறகு. எழுதியிருந்தால் தொழிற்சங்கத்துக்காரர் கையில் ஒரு தாளாவது இருக்கும்.

மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். அந்த நான்கு வரியைத் தமிழிலும் மலாயிலும் நானே எழுதி வைத்திருக்கிறேன், காசு வேண்டாம். உங்கள் வேன் அடுத்த முறை வந்துபோன பிறகு வரும் வெள்ளிக்கிழமைகளில், மாலை ஆறு மணியிலிருந்து, கோவில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்காரப்போகிறேன். கோவில் தலைவரிடம் கேட்டாகிவிட்டது. மின்விசிறிக்குப் பக்கத்து இடத்தையே கொடுத்திருக்கிறார். தாளோடு வருகிறவர்களுக்குப் படித்துச் சொல்வேன். முதல் ஆளாக யார் வரப்போகிறாள் என்பதும் எனக்குத் தெரியும். இப்போதே இரண்டு முறை கேட்டுவிட்டாள். தாள் மட்டும்தான் உங்களிடமிருந்து வர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடப் பணியாளர்,
பகாவ் வட்டாரம், நெகிரி செம்பிலான்